சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்கில் ‘ஸ்கேன்’ ஓட்டாதீர்கள்

ஹார்ட் டிஸ்க் திணற ஆரம்பித்துவிட்டால் அதைச் ‘சரி பண்ண’ யாரிடமும் கொடுக்காதீர்கள். கெட்டுப்போகிற டிஸ்கைச் சரி பண்ணுவது என்று ஒன்று கிடையாது. அது இன்னும் ஓடும்போதே உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயம் தெரியாத ஒரு டெக்னீஷியனால் நான் பட்ட பாடுதான் இது.

டிஸ்க் அக்காவுடையது. 1 டிபி, லேப்டாப்பில் இருந்தது. ஃபோல்டரைத் திறந்தால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும், சில ஃபைல்களைத் தொட்டால் மெஷினே உறைந்துவிடும். என்னிடம் சொல்வதற்கு முன்பே அவள் அதை சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டாள். அங்கிருந்த டெக்னீஷியன் செக்டிஸ்கை, அதாவது டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்கிற விண்டோஸ் கட்டளையை, ‘ஆர்’ ஸ்விட்சோடு ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு, “எரர் எல்லாம் க்ளியர் மேடம், இனிமே பிரச்சனை வராது” என்று திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் விண்டோஸே ஏறவில்லை. “நீ பாரேன்டா” என்று என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான்.

செக்டிஸ்க் கெட்ட கருவி அல்ல. கரண்ட் போய் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருந்தால், டிஸ்க் நல்ல டிஸ்காக இருந்தால், அது பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் அது காப்பாற்றப் பார்ப்பது ஃபைல் சிஸ்டத்தின் ஒழுங்கை, உங்கள் ஃபைல்களை அல்ல. விண்டோஸ் டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு ஃபைலின் பெயரும் இருப்பிடமும் எம்எஃப்டி என்கிற பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலின் ஒரு பகுதி பேட் செக்டாரில், அதாவது டிஸ்கில் கெட்டுப்போன சின்னத் துண்டில், மாட்டிக்கொண்டால், படிக்க முடியாத அந்தப் பதிவைச் செக்டிஸ்க் அழித்துவிட்டு மேலே போகிறது. அழிக்கிறேன் என்று திரையில் சொல்லவும் செய்கிறது, யார் படிக்கிறார்கள்? போதாததற்கு, ‘ஆர்’ ஸ்விட்ச் டிஸ்கின் ஒவ்வொரு செக்டாரையும் படித்துப் பார்க்கும். நைந்த துணியைக் கல்லில் அடித்துத் துவைக்கிற வேலை அது. அக்காவின் டிஸ்கில் ‘ஃபவுண்ட்.000’ என்று ஒரு ஃபோல்டர் முளைத்திருந்தது. உள்ளே பெயரில்லாத துண்டு துண்டான சிஎச்கே ஃபைல்கள். அவர் சொன்ன ‘க்ளியர்’ இதுதான்.

டிஸ்கைக் கழற்றி, அது தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். மேலே ஒட்டுமொத்த முடிவு ‘பாஸ்டு’ என்றிருந்தது. அதை நம்பவே நம்பாதீர்கள், செத்துக்கொண்டிருக்கும் டிஸ்கும் பாஸ் ஆகும். பார்க்க வேண்டியவை 5, 197, 198 ஆகிய வரிசைகள்: மாற்றியமைத்த செக்டார்கள், படிக்கத் தடுமாறிக் காத்திருப்பவை, முற்றிலும் படிக்க முடியாதவை. இவற்றில் கடைசி நெடுவரிசை எண் பூஜ்ஜியத்திலிருந்து ஏறியிருந்தால், அதிலும் பார்க்கப் பார்க்க ஏறினால், உடனே காப்பியெடுக்க உட்கார வேண்டும். 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான். சந்தோஷப்பட்டுக்கொண்டு கேபிளை மாற்றுங்கள். அக்காவுடையதில் 197 நூற்றுக்கணக்கில் நின்றது.

இதே டிஸ்க் டக் டக்கென்று தட்டியிருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன். அது டிஸ்கைப் படிக்கிற ஹெட் போன சத்தம். சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிற சமாச்சாரம் அது. தூசியில்லாத அறை உள்ள லேபுக்குத்தான் போக வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உள்ளே ஈரம் கோத்து மிச்சமும் போகும்.

விண்டோஸில் மாட்டினால் “ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்கும். வேண்டாம் என்று சொன்னாலும் பின்னால் அது டிஸ்கைக் குடைந்துகொண்டேயிருக்கும். அதனால் பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸ், அதிலும் டிஸ்க் தானாக மவுன்ட் ஆவதை (திறந்துகொள்வதை) நிறுத்திவிட்டு, முழு டிஸ்கையும் ஒரே ஃபைலாக, அதாவது இமேஜாக, நகலெடுக்க குனூ டிடிரெஸ்க்யூ. இது வரிசையாக நகலெடுக்கிற சாதாரண டிடி கட்டளை அல்ல. நன்றாகப் படிக்கக்கூடிய இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, சண்டித்தனம் செய்யும் இடங்களைக் குறித்துவைத்துத் தாண்டிப்போய், கடைசியில்தான் அவற்றோடு மல்லுக்கட்டும். எதை எடுத்தது, எதை விட்டது என்பதெல்லாம் மேப் ஃபைலில் இருக்கும். அந்த மேப் ஃபைலை லைவ் பென் டிரைவின் தற்காலிக இடத்தில் வைக்காதீர்கள், ரீபூட் செய்தால் காற்றோடு போய்விடும். இமேஜ் போகிற டிஸ்கிலேயே வையுங்கள்.

இமேஜ் போகிற டிஸ்க் என்றதும் ஒரு கதை. அக்கா முன்யோசனையாக இன்னொரு 1 டிபி புது டிஸ்க் வாங்கி வைத்திருந்தாள். பிரயோஜனமில்லை. 1 டிபி டிஸ்கின் முழு இமேஜ் 1,000,204,886,016 பைட். ஃபார்மேட் செய்த இன்னொரு 1 டிபியில் அந்த அளவு காலி இடம் இருக்காது. 2 டிபி வரும்வரை ஒன்றும் ஓடவில்லை. வாங்கும்போதே பெரிதாக வாங்கிவிடுங்கள்.

ஆரம்பித்த பிறகும் நிம்மதி இல்லை. யூஎஸ்பி அடாப்டரில் மாட்டியிருந்தேன். ஒவ்வொரு மோசமான இடத்திலும் டிஸ்க் திடீரென மறைந்துபோய் வேறு பெயரில் திரும்பி வந்தது. எஸ்டிபி என்று இருந்தது எஸ்டிசி ஆகிவிடும். பழைய பெயரையே நம்பி கட்டளையைத் திரும்ப அடித்தால், வேறு டிஸ்கைப் படித்து இமேஜைக் குழப்பிவிடுகிற அபாயம் இருக்கிறது. சீரியல் நம்பர் அடங்கிய முழுப் பாதையைக் கொடுப்பதே பாதுகாப்பு. கடைசியில் அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பழைய டெஸ்க்டாப்பில் நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டினேன். மறைகிற வியாதி அன்றோடு நின்றது. ஒரு ஃபேனை டிஸ்கின் பக்கம் திருப்பி வைத்தேன், அதுவும் உதவியது.

முதல் சுற்றிலேயே 99 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. இதைக் கேட்டுக் குதிக்காதீர்கள்: 1 டிபியில் 0.1 சதவீதம் என்பதே 1 ஜிபி. அந்த 1 ஜிபி எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம். எதிர்த்திசையில் படிக்கவிட்டதில் இன்னும் கொஞ்சம் வந்தது. சொரிந்து சொரிந்து எடுக்கிற கடைசிக் கட்டத்தில் வேகம் நொடிக்குச் சில பைட்டுகளுக்கு இறங்கியபோது போதும் என்று நிறுத்திவிட்டேன்.

அதன் பிறகு எல்லாம் இமேஜின் மேல்தான். படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்ததும் முக்கால்வாசி ஃபோல்டர்கள் பெயரோடு அப்படியே வந்தன. செக்டிஸ்க் அழித்த பதிவுகளுக்கு உரியவை மட்டும் இல்லை. அதற்கு ஃபோட்டோரெக் என்கிற மீட்புக் கருவியை ஓட்டினேன். ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்துக் கண்டுபிடிப்பதால் பெயரும் ஃபோல்டரும் வராது, எண்கள்தான் வரும். படங்களுக்குள் கேமரா பதித்த எக்ஸிஃப் தேதி இருந்ததால் மாதவாரியாகப் பிரிக்க முடிந்தது. அக்காவின் வேர்டு ஃபைல்களைத்தான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. அந்த டெக்னீஷியன் கைவைக்காமல் இருந்திருந்தால் இந்த வேலையில் பாதி இருந்திருக்காது. இடையில் ஒரு கட்டண மென்பொருளின் இலவசப் பதிப்பையும் பார்த்தேன்: எல்லா ஃபைலுக்கும் பச்சை டிக் காட்டிவிட்டுக் காசு கேட்டது. டிக் போட்டவற்றில் பல, ஓட்டை விழுந்த ஃபைல்கள் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், இந்த முழு அனுபவத்திலும் எனக்குப் பிடித்த தந்திரம் அது. டிடிரெஸ்க்யூவில் ஃபில் மோட் என்று ஒன்று உண்டு. படிக்க முடியாத இடங்களையெல்லாம் நாம் கொடுக்கிற ஒரு சொல்லால் நிரப்பிவிடும். இமேஜுக்கு ஒரு நகல் எடுத்து, அதில் எங்கும் தற்செயலாக வராத ஒரு சொல்லால் நிரப்பி, பிறகு எல்லா ஃபைல்களிலும் அந்தச் சொல்லை கிரெப் என்கிற தேடல் கட்டளையில் தேடினேன். அந்தச் சொல் இருக்கிற ஃபைல் எல்லாம் பழுது. படத்தில் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் பாதி சாம்பலாகத் தெரியும், மீதி பார்க்கலாம். சுருக்கி வைத்த ஜிப், வேர்டு வகையறாக்கள் திறக்கவே மறுக்கலாம்.

பட்டியலில் பாதிக்கு மேல் விண்டோஸின் சொந்த ஃபைல்கள், யாருக்கும் வேண்டாதவை. மீதியை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு ஆவணங்களைப் பழைய மெயிலின் அனுப்பிய பகுதியிலிருந்து எடுத்துக்கொண்டாள். ஒரு வீடியோ மட்டும் நடுவில் வெட்டிக்கொண்டு நிற்கிறது, அதற்கு வேறு நகல் இல்லை. பழைய டிஸ்கை இன்னும் எறியவில்லை. எல்லா ஃபோல்டரையும் பார்த்து முடித்துவிட்டேன் என்று அவள் சொல்லட்டும், பிறகு பார்க்கலாம்.