கரைவலைக் கயிறும் கிதாரும்: என் முதல் ஆல்பம்

ஒன்பது பாட்டுகள் கொண்ட என் முதல் ராக் ஆல்பம் சென்ற மாதம் வெளிவந்தது. கேட்டவர்களில் பலர், ராக்கையும், வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டையும், தப்ஸ் என்னும் தோல் வாத்தியத்தையும், தேவாலயப் பாட்டையும் எப்படிக் கலந்தீர்கள் என்று அன்போடு விசாரிக்கிறார்கள். பாம்பனில் வளர்ந்த எனக்கு இவை தனித்தனியாக வந்து சேர்ந்தவை அல்ல. பாங்கு ஒலித்து முடிவதற்குள் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். தேநீர்க் கடையில் இராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிபாவின் குரல் ஓடிக்கொண்டிருக்கும். கிதாரில் கார்டு பிடிக்கக் கற்றுக்கொண்டது பூசைக்குப் பாடும் குழுவில் இருந்தபோதுதான். மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் அறைத்தோழி தன் இயர்போனில் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தபோதுதான் ராக் என்னிடம் வந்தது. ப்ளூஸ் கிதார்க்காரர்கள் ஓயாமல் சுற்றி வரும் அந்த ஐந்து சுரங்கள் நம் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்களே என்று பிறகு தெரிந்துகொண்ட நாளில், அந்த இசை அயலூரிலிருந்து வந்தது என்ற கூச்சம் எனக்கு அடியோடு போய்விட்டது.

ஆனால் சுரம் ஒத்துப்போவதால் மட்டும் பாட்டு உருவாகிவிடாது. என் ஆல்பத்துக்கு முதுகெலும்பாக நின்றது தாளம். அதைக் கொடுத்தவர் என் பெரியப்பா. அவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, கரையில் நின்று கூட்டமாகக் கயிறு பிடித்து இழுக்கும் கரைவலையை இழுத்தவர். இழுக்கும் கூட்டத்துக்கு அம்பா பாடியவர். நான் கேட்டு வளர்ந்த அம்பாவில் முன்பாட்டுக்காரர் ஓர் அடியைச் சொல்லும்போது கூட்டம் கயிற்றைப் பிடித்து, கால்களை மணலில் ஊன்றி நிற்கும். "ஏலேலோ" என்று பதில் கொடுக்கும்போதுதான் உடம்பு முழுவதும் பின்னால் சாய்ந்து கயிறு வரும். அதாவது பாட்டின் பாரம் அழைப்பில் இல்லை, பதிலில் இருக்கிறது. ராக் இசையில் நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேர் என்னும் டிரம்மின் அடி விழுவதைக் கேட்டிருப்பீர்கள். முதல் எண்ணிக்கையில் காலை ஊன்றி, இரண்டாவதில் இழுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அசைவு என்பது தோளுக்குத் தெரிந்துவிடும். நான் அதைக் கண்டுகொண்டது எந்தப் புத்தகத்திலும் அல்ல. தென்கடல் ஓரத்தில், என் கையில் கயிறு இருந்தபோது.

முதலில் மூன்றாவது பாட்டைச் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில்தான் மிக்ஸிங் செய்யக் கொடுத்தேன். பெரியப்பாவின் குரலையும் கூட்டத்தின் பதில் குரல்களையும் கரையிலேயே பதிந்து அனுப்பியிருந்தேன். திரும்பி வந்த பாட்டைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சுருதி விலகிய இடங்களையெல்லாம் மென்பொருள் கொண்டு நேராக்கி, ஒவ்வொரு இழுவையையும் நகர்த்தி, கிளிக் எனப்படும் சீரான தாளத் தட்டின் மேல் கச்சிதமாக உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள், வேலையும் சுத்தமாகவே இருந்தது. ஆனால் மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்க நெருங்கக் கூட்டத்துக்கு வேகம் கூடும், அடிகள் குறுகும், மூச்சிரைப்பு பாட்டுக்குள் வரும். அந்த ஏற்றம் முழுவதும் துடைக்கப்பட்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில் இருந்தது பாட்டு. அதைக் கேட்ட பெரியப்பா என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "வலையில கனமே இல்லையே, தாயி."

கொடுத்த பணம் போகட்டும் என்று கோப்புகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேலையை வீட்டிலேயே மறுபடியும் தொடங்கினேன். இம்முறை கிளிக்குக்கு ஏற்பப் பெரியப்பாவை நகர்த்தாமல், பெரியப்பாவுக்கு ஏற்பக் கிளிக்கை அமைத்தேன். ஒவ்வொரு இழுவையும் விழும் இடத்தைக் குறித்து அளந்தபோது, பாட்டு நிமிடத்துக்கு 66 தட்டுகளில் தொடங்கி 88 தட்டுகளில் முடிவது தெரிந்தது. அந்த வளைவின் மேல்தான் டிரம்ஸும் பேஸ் கிதாரும் வாசிக்கப்பட்டன. டிரம்ஸ் வாசித்த தம்பி நான்கு நாட்கள் வேறு எதுவும் செய்யாமல் பெரியப்பாவின் குரலோடு சேர்ந்து கை தட்டிப் பழகினான். கரகரவென்று ஒலிக்கும் டிஸ்டார்ஷன் கிதாரைக் கூட்டத்தின் பதில் வரும் இடத்தில் மட்டுமே வைத்தேன். முன்பாட்டின் போது அது வாய் திறக்காது. இந்த ஓர் ஒழுங்குதான் அந்தப் பாட்டைக் காப்பாற்றியது என்று நம்புகிறேன்.

கடலோரத்தில் பதிவு செய்வதற்கு உரிய சிரமங்களும் இருந்தன. உப்புக் காற்றில் கிதார்க் கம்பிகள் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. கீழக்கரையிலிருந்து வந்து தப்ஸ் வாசித்த அண்ணன், வாடைக் காற்று ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டதைக் கண்டு, முற்றத்தில் தென்னை மட்டையை எரித்து, அனலில் தப்ஸைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். விரல் நுனியால் சுண்டிப் பார்ப்பார். 'தொப்' என்று கேட்டால் மறுபடியும் அனல், 'டங்' என்று கேட்டால் உள்ளே ஓடிவருவார். அந்த விறைப்பு ஏறத்தாழப் பத்து நிமிடம் நிற்கும். ஆறாவது பாட்டின் அவசரம் அங்கிருந்து வந்தது.

ஐந்தாவது பாட்டு என் அம்மாவுக்கு உரியது. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய ஆழமற்ற கடலில் கடற்பாசி எடுத்து எங்களைப் படிக்க வைத்தவர் அவர். 1986 இல் அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, பாசிக்குப் போகும் பெண்களுக்குக் கடலோடு வனத்துறையைப் பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது. பவளப்பாறை கீறாமல் இருக்க விரல்களில் துணிக் கீற்றுகளைச் சுற்றி, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை அணிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்குவார். வீட்டில் சமைத்துக்கொண்டே பாடும்போதும் அம்மா நீண்ட அடியின் நடுவில் மூச்சு வாங்கமாட்டார். முடித்த பிறகே வாங்குவார், அதுவும் சத்தமாக. அந்தப் பாட்டின் அடிகளை நான் அவ்வாறே அமைத்தேன். ராக் பாட்டுக்கு வழக்கமான நான்கு சுற்று அளவை விட்டுவிட்டு, ஒரு மூச்சு எவ்வளவோ அவ்வளவே ஓர் அடி. நடுவில் எல்லா வாத்தியமும் நின்று, கேட்பவர் பாட்டு அறுந்துவிட்டதோ என்று எண்ணும் அளவுக்கு ஓர் இடைவெளி வரும். அது அம்மா நீருக்குள் இருக்கும் நேரம். மூச்சு வாங்கும் சத்தத்தோடு கிதார் திரும்ப எழும். மூச்சுச் சத்தத்தை வெட்டிவிடுங்கள் என்று எனக்குப் பலர் அறிவுரை சொன்னார்கள். நான் அதை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைத்திருக்கிறேன்.

ஏழாவது பாட்டின் அடியில் ஓடும் 'தடக் தடக்' ஒலி, 1914 இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து செல்லும் சத்தம். அதைக் கைப்பேசியில் சும்மா பதிந்து வைத்திருந்தேன். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. புதியதில் ரயில் போகும் ஒலி வேறு. தனுஷ்கோடியைப் பற்றி ஏன் ஒரு பாட்டுகூட இல்லை என்று கேட்கிறார்கள். 1964 புயலில் குடும்பத்தை இழந்தவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அவர்கள் பேசாத ஒன்றை நான் கிதாரில் கத்த விரும்பவில்லை.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றும்போது, பாடல் எழுதியவர் பெயரைக் கட்டாயம் நிரப்பச் சொன்னது படிவம். அம்பாவை எழுதியவர் என்று யாரைச் சொல்வது? மரபாக வந்த பாட்டுக்குச் சட்டப்படி உரிமையாளர் இல்லை. யார் வேண்டுமானாலும் தன் பெயரைப் போட்டுக்கொள்ள முடிகிறது, போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். நான் 'மரபுப் பாடல்' என்று எழுதி, பாடியவர்களாகக் கரைவலைக் கூட்டத்தின் பதினாறு பேரையும் குறிப்பிட்டேன். மூன்றாவது பாட்டால் வரும் வருமானம், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், மீன் பங்கு போடும் முறையிலேயே எங்களுக்குள் பிரியும்.

வெளியான மறுநாள் மாலை, வலையை உலர்த்திவிட்டு உட்கார்ந்திருந்த அவர்களுக்குச் சிறிய ஸ்பீக்கர் ஒன்றில் பாட்டைப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது முறை கேட்கும்போது சிலர் தங்களை அறியாமல் கையை மடக்கிப் பின்னால் சாய்ந்தார்கள். பெரியப்பா மட்டும் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். இரண்டாம் சரணம் முடிந்ததும் பேஸ் கிதார் அரை இழுவை முந்திக்கொண்டு வருகிறது என்றார். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்த இடத்தை மட்டும் மறுபடியும் வாசித்துத் திருத்திய பதிவை வரும் வாரம் ஏற்றுகிறேன்.