அறுத்துப் போட்ட குலைகள்

வேலை நிமித்தமாகச் சென்னையிலிருந்து இத்தாலியின் டூரின் நகருக்குச் சென்று 7 மாதங்கள் தங்கியிருந்தபோது, லாங்கே குன்றுகளில் ஒரு தாயும் மகனும் நடத்தும் 3 ஹெக்டேர் திராட்சைத் தோட்டத்திற்கு வார இறுதிகளில் போய்வந்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்த எனக்கு, அங்கே தெரிந்த ஒரே பொருள் திராட்சை இலைதான்; மற்ற எல்லாமே புதிது.

எங்கள் ஊரில் கொடிக்கு உறக்கம் கிடையாது. கவாத்துக் கத்தி விழும் நாளே பருவத்தின் தொடக்கம். அங்கிருந்து ஏறத்தாழ 4 மாதங்களில் அறுவடை. லாங்கேயில் பருவத்தைக் குளிர் தீர்மானிக்கிறது, ஆண்டுக்கு ஒரே மகசூல். அவர்கள் வளர்ப்பது நெபியோலோ, பரோலோ ஒயினுக்கு உரிய ஒரே ரகம். வசந்தத்தில் முந்தித் துளிர்த்து, டொல்செத்தோ, பார்பேரா ஆகிய மற்ற ரகங்களை அறுத்து முடிந்த பிறகு, அக்டோபரில்தான் பழுக்கும். அதனால் வெயில் நன்றாக விழும் தெற்குச் சரிவை இதற்கென்றே ஒதுக்குகிறார்கள். கிளையின் அடிக்கணுக்களில் பெரும்பாலும் குலை வராது என்பதால், கவாத்தின்போது ஒரு நீண்ட கிளையை விட்டுவைத்துக் கம்பியில் வளைத்துக் கட்டுவார்களாம்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, காய்கள் பச்சையிலிருந்து நிறம் மாறத் தொடங்கியிருந்தன. அந்த அம்மையார் என் கையில் ஒரு சிறு கத்தரியைக் கொடுத்துவிட்டு, எனக்கு முன்னால் நடந்தபடியே நோயில்லாத, முழுதாகத் திரண்ட குலைகளை நறுக்கித் தரையில் போட்டுக்கொண்டே போனார். ஒரு துளிருக்கு ஒரு குலைதான் நிற்க வேண்டும். நிறம் ஏறுவதில் பின்தங்கியது எதுவோ அது போக வேண்டும். முதல் குலையை நறுக்க எனக்குக் கை வரவில்லை. அன்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "காய்ச்ச குலைய அறுக்கறது பாவம்டா" என்றார்.

காரணத்தை மகன் பிற்பாடு விளக்கினார். சுமை அதிகமானால், குளிர்மழை வருவதற்குள் கொடியால் அத்தனை குலைகளையும் பழுக்கவைக்க முடியாது. சர்க்கரை ஏறாது, தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பு கனியாமல் கரகரவென்றே நின்றுவிடும். பரோலோவுக்கான சட்டமும் ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் அனுமதிப்பதில்லை. எடையை வைத்து விலை வாங்கிப் பழகிய எங்கள் வீட்டில், குறைவாக விளைவிப்பதற்கு இவ்வளவு உழைப்பு தேவைப்படும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. என் பார்வையில் அந்தத் தோட்டத்தின் நுட்பமெல்லாம் அந்தக் கத்தரியில்தான் இருக்கிறது.

இப்போது நங்கநல்லூர் மொட்டைமாடியில், நீல நிற டிரம் ஒன்றில் பன்னீர்த் திராட்சைக் கொடி வைத்திருக்கிறேன். இது ஒயினுக்கான ரகமல்ல, சென்னையின் புழுக்கமும் லாங்கேயின் குளிர் இரவும் ஒன்றாகிவிடாது. இருந்தாலும் இந்த முறை பிடித்த 23 குலைகளில் 9 குலைகளைப் பிஞ்சிலேயே நறுக்கினேன். அம்மா அவற்றை வீணாக்காமல் ஊறுகாய் போட்டுவிட்டார். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, மிஞ்சிய குலை ஒன்றிலிருந்து நாலைந்து பழங்களைப் பறித்து வாயில் போட்டு, விதைகளை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார்.

"கவாத்து பண்ணி எத்தன நாளாச்சு?"

"நூத்திப் பதினெட்டுப்பா."

"இன்னும் நாலு நாள் விட்டிருக்கலாம்" என்றவர், அடுத்த குலையையும் கையில் ஏந்திப் பார்த்தார்.