பிஸ்ட்டிலேயே நாள் கழிகிறதா? இடை குறுகிய ஸ்கீயை எடுங்கள்

சுவிஸ்ஸில் ஸ்கீ பழகி, எளிதான நீலப் பாதைகளைத் தாண்டி, அடுத்த நிலையான சிவப்பில் பயமில்லாமல் இறங்க ஆரம்பித்ததும் வாடகை ஸ்கீ போதாது என்று தோன்றும். கடைக்குப் போனால் இடை, அதாவது ஸ்கீயின் நடு அகலம், 66 மில்லிமீட்டரிலிருந்து 110 வரை சுவர் முழுக்க நிறுத்தி வைத்திருப்பார்கள், விற்பவர் பெரும்பாலும் 85, 90 பக்கம் கையைக் காட்டி, இது எல்லாப் பனிக்கும் ஒத்துவரும் என்பார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாளில் பெரும்பகுதி பிஸ்ட்டில், அதாவது சமன்செய்த பாதையில்தான் கழிகிறது, ஸ்கீயின் ஓரத்தால் பனியை வெட்டித் திரும்பும் கார்விங்கைச் சரியாகக் கற்றுக்கொள்ள ஆசை இருக்கிறது என்றால் 72 முதல் 78 வரைக்குள் தேடுங்கள்.

ஸ்கீயின் மேல் சின்ன எழுத்தில் 125-74-108, R15 என்பது போல அச்சிட்டிருக்கும். முதல் எண் முனையின் அகலம், கடைசி எண் வாலின் அகலம், நடுவில் இருப்பதுதான் பூட்ஸுக்குக் கீழே வரும் இடை. R என்பது அந்தப் பக்க வளைவை நீட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஆரம், மீட்டரில். பழைய ஸ்கீக்களில் இந்த வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் ஆழமாக வளைத்து எஸ்சிஎக்ஸ் என்ற ஸ்கீயைக் கொண்டுவந்த பிறகு எல்லாரும் அந்த வழிக்கு வந்தார்கள். R15 என்றால் எப்போதும் 15 மீட்டரில் திரும்பும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கெட்டிப் பனியில் ஸ்கீயைச் சாய்க்கச் சாய்க்க வளைவு இறுகும். 30 பாகை சாய்த்தால் ஏறக்குறைய 13 மீட்டர், 60 பாகை சாய்த்தால் பாதியாகி ஏழரை மீட்டர். அதனால் R கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், சாய்க்கத் தெரிந்தால் போதும்.

சரி, இடை ஏன் குறுகலாக இருக்க வேண்டும்? கெட்டியான பனியில் ஸ்கீயைச் சாய்த்து நிற்கும்போது நம் மொத்தப் பாரமும் ஒரு பக்க எட்ஜில், அதாவது ஓரத்து இரும்பு விளிம்பில்தான் இறங்குகிறது. அந்த எட்ஜ் பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு ஸ்கீயை மறுபடி தட்டையாக்கப் பார்க்கும் விசையும் கூடும். 72 மில்லிமீட்டர் ஸ்கீயில் அந்தத் தூரம் 36, 100-இல் 50. கணுக்கால் பூட்ஸுக்குள் இறுகிக் கிடப்பதால் அந்த முறுக்கை முழங்கால்தான் வாங்கிக்கொள்கிறது. அகல ஸ்கீயோடு நாள் முழுக்கக் கெட்டிப் பாதையில் ஓடினால் மாலையில் முழங்காலின் உள்பக்கம் சொல்லிவிடும். ஒரு எட்ஜிலிருந்து மறு எட்ஜுக்கு மாறவும் குறுகிய இடையில் நேரம் குறைவு, நாம் செய்கிற சின்ன அசைவுக்கும் ஸ்கீ உடனே பதில் சொல்லும். கற்றுக்கொண்டிருக்கிறவருக்கு அந்த உடனடிப் பதில்தான் வாத்தியார். (மென்பனியில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே அடிப்பகுதி முழுவதும் பனிக்குள் அமிழ்ந்து தாங்குகிறது.)

ஆல்ப்ஸின் நிலவரமும் இதற்குத்தான் சாதகம். சுவிஸ்ஸில் பாதிக்கு மேற்பட்ட பாதைகளில் செயற்கைப் பனி அடிக்கிறார்கள், அது இயற்கைப் பனியைவிட அடர்த்தியானது, ராத்திரிக் குளிரில் இன்னும் இறுகும். காலை முதல் லிஃப்டில் ஏறினால் பனியைச் சமன்செய்யும் பிஸ்டன்புல்லி வண்டி போட்டுவிட்டுப் போன வரிகள் விறைப்பாக இருக்கும், நாலைந்து மணி நேரத்தில் அதே பாதை குவியலும் பள்ளமுமாகிவிடும். தாவோஸின் பார்சென் ஸ்கீப் பகுதியில் வைஸ்ஃப்ளூகிப்ஃபெல் சிகரத்திலிருந்து கூப்லிஸ் ஊர் வரை இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். 2844 மீட்டரில் தொடங்கி 814 மீட்டரில் முடியும் அந்தப் பாதை சுமார் 12 கிலோமீட்டர். மார்ச்சில் போனால் மேலே எட்ஜ் கிறீச்சிடும் கெட்டிப் பனி, நடுவில் கார்விங்குக்கென்றே அமைந்தது போன்ற சரிவு, கீழே ஊரை நெருங்க நெருங்க காலைப் பிடித்து இழுக்கும் ஈரப்பனி. இது மூன்றையும் ஒரே ஸ்கீ தாங்கினால் அதைத்தான் பல்துறை ஸ்கீ என்பேன்.

அதற்காக இருப்பதிலேயே குறுகலானதை எடுக்கவும் கூடாது. 65, 68 என்று வரும் ஸ்லாலோம் வகை, அதாவது நெருக்கமான கம்புகளுக்கிடையே வளைந்து ஓடும் போட்டிக்கானது, வேறு ஜாதி. ஆண்களுக்கான போட்டி ஸ்லாலோம் ஸ்கீ 165 சென்டிமீட்டர், ஆரம் 12, 13 மீட்டர். வேகமாக, சுறுசுறுப்பாக, முழுக் கவனத்தோடு ஓட்டினால் அற்புதம், கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் வால் நம்மை எங்கேயோ எறிந்துவிடும். மதியத்துக் குவியல்களில் அது ஓய்வே தராது. பெரிய ஸ்லாலோம் போட்டி ஸ்கீ எதிர்த் திசை, ஆண்களுக்கு ஆரம் 30 மீட்டர். விடுமுறைக் கூட்டம் நிறைந்த பாதையில் அதற்கு இடமே இல்லை. நமக்கு ஆரம் 14 முதல் 16 வரை வைத்துக்கொள்ளலாம். ஹெட் சூப்பர்ஷேப் வரிசையில் மேக்னம் 72, ராலி 78. லூட்சேர்ன் பக்கம் மால்டர்ஸில் செய்யும் ஸ்டோக்லியின் லேசர் ஏஎக்ஸ் 78. ஃபோல்க்ல் டீக்கன் 76 என்று பெயரிலேயே இடையைப் போட்டிருந்தது. வருடாவருடம் மாடலை மாற்றுவார்கள், ஆகவே பெயரைவிட அந்த எண்களைப் பாருங்கள்.

பேர்னில் இருக்கும் என் சித்தி மகன் போன வாரம் இதையேதான் கேட்டான். "அக்கா, கடையில 88 எடுக்கச் சொல்லுறாங்கள். 76 எடுத்தா புதுப்பனியில புதைஞ்சு போகாதோ?" போன சீசனில் முழங்காலளவு பனியில் எப்போதாவது ஓடினாயா என்றேன். யோசித்துப் பார்த்து, பிஸ்ட்டை விட்டு வெளியே போனதே அபூர்வம் என்றான். பதினைந்து சென்டிமீட்டர் புதுப்பனி வரை 76, 78 தாராளமாக ஓடும், முனை கொஞ்சம் மேல்நோக்கி எழும்பிய ராக்கர் இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு மேல் கொட்டுகிற நாளில் மலையடிவாரக் கடையில் 100 மில்லிமீட்டர் ஒன்றை அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். அபூர்வமாக வரும் அந்த நாளுக்காக மற்ற நாளெல்லாம் அகல ஸ்கீயைச் சுமக்க வேண்டியதில்லை.

நீளத்துக்கு மூக்கிலிருந்து நெற்றி வரை என்பது இந்த வகைக்குப் பொருந்தும். 175 சென்டிமீட்டர் உயரமானவர் 165-இலிருந்து 172-க்குள் பார்க்கலாம். அதே மாடலில் நீளம் கூடினால் ஆரமும் கூடும், எனவே கடையில் சொல்லும் ஆரம் எந்த நீளத்துக்கு என்று கேளுங்கள். உள்ளே மரக்கட்டையும் அதன் மேலும் கீழும் டைட்டனல் என்ற அலுமினியக் கலவைத் தகடும் இருந்தால் கெட்டிப் பனியில் நடுக்கம் அடங்கும், எடையும் கூடும். உடல் எடை 60 கிலோவுக்குக் குறைவானவர்கள் இரட்டைத் தகடு உள்ளதை ஓட்டிப் பார்க்காமல் எடுக்க வேண்டாம், மெதுவான வேகத்தில் அது வளையவே மறுக்கும்.

ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்பதை எல்லாருக்கும் சொல்வேன். பல கடைகளில் சோதனை ஸ்கீக்கு வாங்கும் வாடகையை விலையில் கழித்துக்கொள்வார்கள். ஒரே சரிவில், ஒரே நாளில், காலையிலும் மதியத்துக்குப் பிறகும் ஓட்டுங்கள். ஏறுவதற்கு முன்னால் கட்டைவிரல் நகத்தை எட்ஜுக்குக் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள், நகத்தூள் சீவி வந்தால் கூர்மை இருக்கிறது. மழுங்கிய எட்ஜோடு எந்த நல்ல ஸ்கீயும் மோசமாகத்தான் ஓடும், பிறகு மாடல் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். இந்த வகைக்குப் பக்க எட்ஜ் 88 அல்லது 87 பாகை, அதைக் கடையில் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறை அரைக்கக் கொடுக்கும்போது குழப்பம் வராது. வீட்டுக்கு வந்ததும் துடைத்துக் காயவைக்கணும், ஈரப் பையில் விட்டால் மறுநாளே துரு.

இலையுதிர் காலத்தில் ஊருக்கு ஊர் நடக்கும் ஸ்கீபோர்ஸே என்ற பழைய ஸ்கீச் சந்தையில் வாங்கலாமா? வாங்கலாம். எட்ஜ் இரும்பு போதிய கனத்தில் மிச்சம் இருக்கிறதா, பக்கச் சுவரும் மேல்தட்டும் எங்காவது பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு ஸ்கீயையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்தால் நடுவில் இடைவெளி தெரியணும், கேம்பர் என்ற அந்த வில் வளைவு செத்துப்போயிருந்தால் விட்டுவிடுங்கள். பூட்ஸை ஸ்கீயோடு பிடிக்கும் பைண்டிங் மிகவும் பழையது என்றால் கடைகள் அதைச் சரிசெய்து தர மறுக்கலாம். உங்கள் பூட்ஸின் அடி நடக்க வசதியாக வளைத்துச் செய்த கிரிப்வாக் வகை என்றால் பைண்டிங்கும் அதற்கு ஏற்றதா என்று பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள், கடைக்குப் போகும்போது பூட்ஸையும் கையோடு கொண்டு போங்கள். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஓட்டும் விதம் எல்லாம் பார்த்துத்தான் விழும்போது பைண்டிங் கழலும் அளவை வைக்கிறார்கள். அதை நண்பர் சொன்னார் என்று ஸ்குரூடிரைவரால் திருகிக்கொள்ள வேண்டாம்.