‘ஏளு’ எப்படி ‘ஏழு’ ஆனது: இணையவழித் தமிழ் வகுப்பில் நான் கற்றது

2020-இல் பள்ளிகள் மூடியபோது, கர்நாடக எல்லையை ஒட்டிய தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். இணையவழியில் மொழிப்பாடம் எடுக்கப் போகிற புது ஆசிரியர்களுக்கு அந்த அனுபவம் உதவும்.

சேர்ந்து சொல்வதுதான் செய்யுள் வகுப்புக்கு உயிர். கூகுள் மீட்டில் அது நடக்கவே இல்லை. ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேரும், சில குரல்களைச் செயலியே இரைச்சல் என்று அமுக்கிவிடும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு வாட்ஸ்அப் குரல் பதிவுக்கு மாறினேன். அப்பா வேலை முடிந்து வந்தால்தான் பல வீடுகளில் போன் கையில் கிடைக்கும், அதற்கும் இதுதான் சரிப்பட்டது.

ழகரத்துக்கு இது ரொம்பவே கைகொடுத்தது. நாம் ழ சொல்லும் இடத்தில் இன்றைய கன்னடத்தில் ள வரும். மழை அவர்களுக்கு ‘மளெ’, ஏழு ‘ஏளு’, வாழை ‘பாளெ’. அதனால் அந்தப் பிள்ளைகள் ‘மளை’ என்று சொன்னால் அதைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள், அது அவர்கள் வீட்டுச் சொல். ளகரத்தில் நாக்கு அண்ணத்தில் ஒட்டும், ழகரத்தில் வளைந்து ஒட்டாமல் நிற்கும். இதைச் சொல்லிவிட்டு ‘வாளை, வாழை’ என்று ஜோடி ஜோடியாக அரை நிமிடப் பதிவு அனுப்புவேன். நிறுத்தி, திரும்பக் கேட்டு, யாரும் சிரிக்காத இடத்தில் பழகிவிட்டு அனுப்புவார்கள். வகுப்பறையில் வாயே திறக்காத பிள்ளைகளின் குரலை அப்போதுதான் முதலில் கேட்டேன்.

எழுத்துக்கு மட்டும் போனை நம்பாதீர்கள். தமிழில் தட்டச்சு செய்தால் சரியான சொல்லை விசைப்பலகையே எடுத்துக் கொடுத்துவிடும், ண, ன குழப்பம் நம் கண்ணுக்கே வராது. நோட்டில் எழுதச் சொல்லிப் படம் கேளுங்கள், பகல் வெளிச்சத்தில் எடுத்த படமாக.

அப்புறம், பதிவுகளை அழித்துவிடாதீர்கள். ஒரு மாணவி ஜூனில் அனுப்பிய ‘ஏளு’வையும் செப்டம்பரில் அனுப்பிய ‘ஏழு’வையும் அடுத்தடுத்து அவளுக்கே அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் பதிவு வந்தது: “டீச்சர், பாட்டிக்கும் போட்டுக் காட்டினேன்.”