கச்சான் காற்றும் என் கட்டுரைகளும்

சோலார் போட்டால் வீட்டில் கரண்ட் போகாது என்று நம்பிக் காசு கட்டியவர்கள் 2022 இல் என்னைத் தேடிப் பிடித்துத் திட்டினார்கள். அந்த மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. நான் மட்டக்களப்புப் பக்கம் கூரைகளில் சோலார் பனல் பொருத்துகிறவன். களுதாவளையில் ஒரு மாமி வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு முன்புதான் 5 கிலோவாட் போட்டுக் கொடுத்திருந்தோம். போனில் கூப்பிட்டார், போனேன். உச்சி வெயில். கூரை நிறையப் பனல். வீட்டுக்குள்ளே ஃபேன் அசையாமல் நிற்கிறது. மாமி பிளேன்டீயைக் கையில் தந்துவிட்டு, பழைய கலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டே கேட்டார்: "தம்பி, சூரியனுக்கும் பவர்கட்டா?"

விளக்கம் சொல்ல ஒரு மணித்தியாலம் எடுத்தது. பனலின் கரண்டை வீட்டுக்கு ஏற்ற கரண்டாக மாற்றும் பெட்டிதான் இன்வேர்ட்டர். வீதி லைனில் கரண்ட் இருக்கிறதா என்று அது எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். லைன் செத்தால் இன்வேர்ட்டரும் உடனே தன்னை நிறுத்திக்கொள்ளும். நிறுத்தாவிட்டால் நம் கூரையில் உண்டாகும் கரண்ட் வீதி லைனுக்குள் இறங்கிவிடும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரின் உயிர் போய்விடும். கரண்ட் போன நேரத்திலும் வீட்டுக்கு எடுக்க வேண்டுமென்றால் பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் வேண்டும், அதற்கு விலை வேறு. மாமி கடைசியில், "இத முதல்லயே சொல்லி இருக்கலாமே மகன்" என்றார். சொல்லியிருக்கத்தான் வேண்டும். விற்கப் போனவர் சொல்லவில்லை, பொருத்தப் போன நானும் சொல்லவில்லை.

அந்தக் கிழமை இதே கதையை எத்தனை வீட்டில் சொன்னேன் என்று கணக்கில்லை. ஒரு பின்னேரம் கல்லடிப் பாலத்தால் மோட்டர்சைக்கிளில் வரும்போதுதான் தோன்றியது, இதை ஒருதரம் எழுதிப் பேப்பரில் போட்டுவிட்டால் என்ன என்று. இப்படித்தான் ஆரம்பித்தது. கட்டுரை எழுதின பழக்கம் எனக்கு ஓ.எல். தமிழ்ப் பரீட்சையோடு முடிந்துபோனது.

முதல் கட்டுரையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "இன்று உலகம் எதிர்நோக்கும் மாபெரும் சவால் புவி வெப்பமயமாதலாகும்" என்று தொடங்கினேன். பனிமலை உருகியது, கடல் மட்டம் உயர்ந்தது, பாரிஸ் ஒப்பந்தம் வந்தது. களுதாவளை மாமி வருவதற்குள் நான்கு பக்கம் ஓடிவிட்டது. மொத்தம் 2,400 சொல். வாரப் பத்திரிகை ஒன்றின் விஞ்ஞானப் பக்கத்துக்கு அனுப்பினேன். மூன்று கிழமையாகப் பதில் இல்லை. வெட்கத்தை விட்டுக் கோல் எடுத்தேன். அந்தப் பக்கத்தைப் பார்க்கும் மெடம்தான் பேசினார். கோபமில்லை, ஆனால் சுற்றி வளைக்கவுமில்லை. 800 சொல்லுக்கு மேல் இடமில்லை என்றார். கடைசிப் பந்தியில் எங்கள் கம்பனி பெயர் வருகிறதே, அது விளம்பரப் பகுதிக்குப் போக வேண்டியது, அங்கே காசு கட்ட வேண்டும் என்றார். பிறகு கேட்டார்: "நீங்க நிஜமா கூரையில ஏறி வேலை செய்யிறீங்களா தம்பி? கட்டுரையில அது எங்கயுமே இல்லையே."

கம்பனி விசயம் சின்னத் தலையிடி இல்லை. பெயர் வந்தால் நல்லதுதானே என்று முதலாளிக்கு ஆசை, வரவே கூடாது என்று மெடம். இரண்டு பக்கமும் பேசி, கட்டுரையின் கீழே "கட்டுரையாளர் சூரிய மின் தொகுதிகளைப் பொருத்தும் தொழிலில் உள்ளவர்" என்று ஒரு வரி போடுவதாக முடிந்தது. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நான் விற்கிற பக்கத்து ஆள் என்று வாசிக்கிறவருக்குத் தெரிந்தால், என் கணக்கை அவர் ஒருதரம் திருப்பிப் பார்ப்பார். முதலாளி இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

சரி, கூரையிலிருந்து என்னத்தை எழுதுவது? யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் கச்சான் தொடங்கிவிட்டது. வெளியூர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும்: எங்கள் ஊரில் கச்சான் என்றால் கொறிக்கிற நிலக்கடலையும்தான், வைகாசி ஆனியில் மேற்கேயிருந்து மலை தாண்டி வரும் காய்ந்த சூட்டுக் காற்றும்தான். அந்தக் காற்று வீசும் நாட்களில் ஆட்கள் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, இப்ப உங்கட பனலுக்கு நல்ல வேட்டைதானே" என்பார்கள். வெயில் கூடினால் கரண்ட் கூடும் என்ற நினைப்பு. தொழிலுக்கு வந்த முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. 550 வாட் என்று பனலில் போட்டிருப்பது ஆய்வுகூடத்தில், சதுர மீற்றருக்கு 1,000 வாட் வெளிச்சத்தில், பனலின் கலங்கள் 25 பாகை செல்சியஸில் இருக்கும்போது அளந்த கணக்கு. 25 பாகைக்கு மேலே ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் கிட்டத்தட்ட 0.35 சதவீதம் குறையும். பனலோடு வரும் தரவுத்தாளில் இதை எழுதியிருப்பார்கள், யாரும் வாசிப்பதில்லை. ஆரையம்பதியில் ஒரு தகரக் கூரையில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு வெப்பமானியைப் பனலின் முதுகுக்குப் பிடித்தேன். 62 பாகை. கைவிரல் பட்டால் உடனே இழுக்க வேண்டும், அந்தளவு சூடு. 62 இல் 25 போக 37. அதை 0.35 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 13 சதவீதம். 550 வாட் பனல் நல்ல வெயிலிலும் 480 வாட்டோடு நின்றுவிடும். தகரத்தோடு ஒட்டப் போடாமல் கீழே காற்றோட இடைவெளி விட்டுப் பொருத்தச் சொல்வது இதற்காகத்தான்.

ஒரு நொடியில் ஆகக் கூடின வாட்டை நான் பார்த்ததெல்லாம் மழை விட்டு மேகம் பிளந்து பளிச்சென்று வெயில் அடித்த நேரங்களில்தான். பனல் நனைந்து குளிர்ந்திருக்கும், தூசும் கழுவுப்பட்டிருக்கும். அதற்காக மாரிதான் நல்லது என்று எடுத்துவிடக் கூடாது. கார்த்திகை மார்கழியில் வாடையோடு மழை பிடித்தால் நாட்கணக்கில் வானம் மூடியே கிடக்கும். மாதக் கணக்கு பார்த்தால் கச்சான் மாதங்கள்தான் முன்னுக்கு நிற்கும். இந்த இரண்டையும் ஒரே கட்டுரையில் குழப்பாமல் சொல்ல எனக்கு நான்கு தரம் திருத்த வேண்டி வந்தது.

பெரிய சண்டை சொற்களோடுதான். "ஒளிமின்னழுத்தத் தகடு" என்று எழுதி அனுப்பினேன், அது என்ன சாமான் என்று மெடம் திருப்பிக் கேட்டார். சோலார் பனல் என்றே போட்டோம். ஆனால் ஏ.சி. கரண்டுக்கு ஆடலோட்டம் என்ற சொல்லை நான் விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த சொல். பனலில் வருவது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம், அதாவது டி.சி., வீட்டில் ஓடுவது ஆடலோட்டம், நடுவில் நின்று மாற்றுவது இன்வேர்ட்டர். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு ஓடும் கரண்டுக்கு இதைவிட நல்ல பெயர் யார் வைப்பார்?

அந்தக் கட்டுரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடையில் மூன்று பேப்பர் வாங்கினேன், காசு கொடுத்துத்தான். எழுதினதுக்குச் சம்பளமும் இல்லை, இலவசப் பிரதியும் இல்லை. பக்கத்தைத் திறந்தால், "சதுர மீற்றருக்கு 1இ000 வாட்" என்று இருக்கிறது! பாமினி எழுத்துருவோடு மல்லுக்கட்டின ஆட்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். நான் போனில் யுனிகோடில் தட்டுகிறவன், அவர்கள் பக்கம் கட்டுவது பாமினியில். பாமினியில் காற்புள்ளி விசையைத் தட்டினால் இ விழும். மாற்றும்போது தவறினால் காற்புள்ளி இருந்த இடமெல்லாம் இகரம்தான். ஒரு வசனம், "தூசுஇ உப்புஇ பறவை எச்சம்" என்று அச்சாகியிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. "ஒரு நாளைக்கு 20 கிலோவாட் மணி" என்று நான் எழுதின இடத்தில், இடம் போதாமலோ என்னவோ, "மணி"யைத் தூக்கிவிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் கல்முனையிலிருந்து என் இலக்கத்தைத் தேடிப் பிடித்துக் கோல் எடுத்தார். "5 கிலோவாட் தொகுதி ஒரு நாளைக்கு 20 கிலோவாட் தருமா? எழுதுறதுக்கு முதல் படிக்கிறல்லையா?" என்றார். பிழை என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அடுத்த கட்டுரையை அந்த இடத்திலிருந்தே தொடங்கினேன். வயலில் வெட்டு மெசின் என்ன வேகத்தில் வெட்டும் என்பது கிலோவாட். பின்னேரம் களத்தில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்பது கிலோவாட் மணி, அதாவது பில்லில் வரும் யுனிற். பெரிய மெசினைக் கொண்டுவந்து அரை மணித்தியாலம் ஓடவிட்டால் மூட்டை எங்கே வரும்? ஆசிரியர் திரும்பவும் எடுத்தார். "இது பரவாயில்லை" என்றார்.

காசுக் கணக்கை எழுதினபோது வேறொரு அடி. கூரைச் சோலாருக்கு அரசாங்கம் பெரிதாகக் கதவைத் திறந்தது 2016 செப்டெம்பரில். மிச்ச யுனிற்றை லைனுக்குக் கொடுக்கிறவருக்கு முதல் 7 வருடம் யுனிற்றுக்கு 22 ரூபாய், அடுத்த 13 வருடம் 15.50 ரூபாய் என்றார்கள். 2022 இல், பொருட்களின் விலை எங்கோ போய்விட்ட நேரம், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அது 37 ரூபாயானது. பிறகு இறங்கத் தொடங்கியது. நான் எழுதி அனுப்பியதற்கும் அது அச்சில் வந்ததற்கும் இடையில் விலை மாறிவிட்டது. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எங்கள் கடைக்கே வந்துவிட்டார், இந்த விலைக்கு ஒப்பந்தம் எழுதித் தாருங்கள் என்று. அதிலிருந்து ரூபாய்க் கணக்கு வரும் ஒவ்வொரு வரியிலும் மாதத்தையும் வருடத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். "இத்தனை வருடத்தில் போட்ட காசு வந்துவிடும்" என்ற வசனத்தை எழுதுவதே இல்லை. முதலாளிக்குப் பிடித்த வசனம் அதுதான்.

திசையைப் பற்றி எழுதினது மட்டும் சுகமாகப் போனது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று சூரியனைப் பார்த்தே பெயர் வைத்துக்கொண்ட ஊருக்குத் திசை சொல்லிக் கொடுக்க வேண்டுமா? நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகைக்குள் இருக்கிறோம். பனலைத் தெற்குப் பார்த்துப் பத்துப் பாகை சாய்த்து வைத்தால் போதும், மழைத் தண்ணீரும் வழிந்தோடும். கூரை கிழக்கையோ மேற்கையோ பார்த்திருந்தாலும் பெரிய நட்டமில்லை. தென்னை மர நிழல்தான் நட்டம்.

எழுதக் கஷ்டப்பட்டது 2025 இல். பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றரை மணிபோல நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததென்று செய்தி வந்ததும் எல்லோரும் குரங்கையே பேசினார்கள். ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறை நாட்களில் பகல் 3 மணி வரை கூரைச் சோலார்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. கடன் எடுத்துப் போட்டவர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் பக்கம் நின்று சூடாக எழுதியிருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

ஆனால் விசயம் அப்படி இல்லையே. பழைய நெல்லு மில் எஞ்சினில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சில்லு சுற்றும். திடீரென்று பாரம் ஏறினாலும் அந்தச் சில்லின் சுழற்சி எஞ்சினை நிற்கவிடாது. நீர் மின் நிலையத்திலும் அனல் மின் நிலையத்திலும் சுழலும் பெரிய இயந்திரங்கள் நாட்டுக் கரண்டுக்கு அந்தச் சில்லு மாதிரி. விடுமுறை நாள் பகலில் தொழிற்சாலைகள் மூடியிருக்கும், பாவனை குறைவு, கூரைகளில் வெயில் கொட்டும். அப்போது சுழலும் இயந்திரங்களில் பலதை நிறுத்த வேண்டி வரும். பனலில் சுழல்வதற்கு எதுவுமே இல்லை. அந்த நேரம் ஒரு லைன் அறுந்தால் தாங்கிப் பிடிக்கச் சில்லு இல்லாமல் எல்லாம் விழுந்துவிடும். இதை எழுதினேன். பகலில் சேமித்து இரவில் கொடுக்கும் பற்றரிக்கு நல்ல விலை கொடுக்க வேண்டும் என்பதையும், நிறுத்தச் சொல்கிறவர்கள் நட்டத்தைப் பற்றியும் பேச வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதினேன். ஏறாவூரில் என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் அதை வாசித்துவிட்டு இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை. களுதாவளை மாமி வாசித்தாராம். "சில்லுக் கதை விளங்கிச்சு" என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

புதிதாக எழுதப் போகிறவருக்கு உதவும் சின்ன விசயம் ஒன்று: படத்தை வட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் அது நசிந்துபோகும், ஆவணமாக அனுப்ப வேண்டும். அடுத்தவர் வீட்டுக் கூரை என்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

இப்போது பற்றரி பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 1,900 சொல்லில் நிற்கிறது, எதை வெட்டுவதென்று தெரியவில்லை. நேற்று மெடத்துக்குக் கோல் எடுத்து, காற்புள்ளிப் பிரச்சினை சரியாகிவிட்டதா என்று கேட்டேன். "பாத்துக்கொள்றம் தம்பி" என்றார். போனை வைத்துவிட்டு, கட்டுரையில் இலக்கமாக இருந்த ஆயிரங்களை எல்லாம் எழுத்தில் மாற்றிவிட்டேன்.