ஃபெனர் கோயிலில் பொன்வாயர்

இஸ்தான்புல் போகிறவர்கள் ஹாகியா சோபியாவின் குவிமாடத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். ஆனால் 2019 செப்டம்பரில் அங்கே நான் தேடிப் போனது, வெளியே தோட்டத்தில் இருக்கும் ஒரு பீடக்கல்லை. இந்நகரம் கான்ஸ்டான்டிநோபிள் என்ற பெயரில் கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகராக இருந்தபோது, பேரரசி யுடோக்சியாவின் வெள்ளிச் சிலை நின்ற தூணுக்கு அடியில் இருந்த கல் அது. எழுப்பியவர் நகர ஆளுநர் சிம்ப்ளிசியஸ் என்று கிரேக்கத்திலும் இலத்தீனிலும் வெட்டியிருக்கிறது. 403இல் நடந்த அந்தச் சிலைத் திறப்பின் ஆட்டபாட்டம் வழிபாட்டுக்கு இடைஞ்சல் என்று பேராயர் யோவான் கிறிசோஸ்தோம் வெளிப்படையாகக் கண்டித்தார், அடுத்த ஆண்டு அவரை நாடுகடத்திவிட்டார்கள். வெள்ளி போய்விட்டது, கல் கிடக்கிறது.

கிறிசோஸ்தோம் என்றால் பொன்வாயர். இவரைச் சிரியாப் பக்கத்து அந்தியோக்கியா நகரிலிருந்து தலைநகருக்குக் கொண்டுவந்ததே யூட்ரோப்பியஸ் என்ற அரண்மனை அதிகாரிதான். கோயிலில் தஞ்சம் புகுகிறவர்களுக்கு இருந்த பாதுகாப்பைச் சட்டம் போட்டுக் குறைத்தவரும் அதே ஆள். 399இல் பதவி பறிபோனதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் ஓடிவந்தது எங்கே என்கிறீர்கள்? ஹாகியா சோபியா நிற்கும் இதே இடத்தில் அப்போது இருந்த கோயிலுக்குத்தான், பலிபீடத்தையே கட்டிக்கொண்டார். பேராயர் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் "வீண், முற்றிலும் வீண்" என்று தொடங்கி, நடுங்கிக் கிடந்த அந்த மனுஷனையே சுட்டிக்காட்டி மறையுரை வைத்தார். புனிதர்தான், ஆனாலும் எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே பட்டது.

அப்புறம் பொற்கொம்பு வளைகுடாவை ஒட்டிப் பேருந்து பிடித்து, நகரின் ஃபெனர் பகுதி. கிழக்கு மரபுவழித் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தையின் புனித ஜார்ஜ் கோயில் வெளியே பார்த்தால் இதுவா என்றிருக்கும், குவிமாடம்கூடக் கிடையாது. உள்ளேதான் பொன்வாயரின் திருப்பண்டப் பேழை, அவருடைய எலும்புகள் வைத்த பெட்டி. 407இல் நாடுகடத்தப்பட்ட வழியில் கொமானாவில் இறந்தவர், 438இல் தலைநகருக்குத் திரும்பினார், வரவேற்றது யுடோக்சியாவின் மகன் இரண்டாம் தியோடோசியஸ், பேழைமேல் குனிந்து பெற்றோர் செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டாராம். 1204இல் கத்தோலிக்கச் சிலுவைப் போர்வீரர்கள் நகரைச் சூறையாடினார்கள், எலும்புகள் ரோமுக்குப் போய்ச் சேர்ந்தன. 2004 நவம்பரில்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவற்றை முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவிடம் திருப்பிக் கொடுத்தார். கத்தோலிக்கனான எனக்கு அங்கே நிற்கச் சற்றுக் கூச்சம்.

உண்மையைச் சொன்னால் நான் ஒரு புகாரோடு போயிருந்தேன். என்னை இரண்டு வருடம் அலைக்கழித்த ஒரு மேலதிகாரியைப் பற்றி, அதிகாரிகளோடு மோதிய இந்தப் புனிதரிடம் சொன்னால் எடுபடும் என்று ஒரு கணக்கு. மெழுகுதிரி ஏற்றிவிட்டு, எதற்கும் முதலில் ஒரு 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' சொல்லிக்கொள்வோம் என்று ஆரம்பித்தேன். 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல' வந்ததும் அந்த மகன் பேழைமேல் குனிந்தது நினைவுக்கு வந்துவிட்டது. பின்னால் ஒரு கிரேக்கப் பாட்டி பேழையைத் தொட்டு முத்தமிடக் காத்திருந்தார். பாதி செபத்தோடு நகர்ந்து வழிவிட்டேன்.