பகலிலும் தெரிகிறது, இரவிலும் தெரிகிறது

"எனக்குப் பகல்லயும் தெரியுது, ராத்திரியும் தெரியுது. அப்புறம் எதைச் சார் சரி பண்றீங்க?"

லேசர் வைக்காவிட்டால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டலாம் என்று அந்த நாமக்கல் லாரி டிரைவர் அண்ணனுக்குக் கண் டாக்டரான நான் சொன்ன பதில் மருத்துவப்படி சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவருக்கு வலது கண்ணில் பார்வை 6/6, அதாவது குறையே இல்லை. சுகர் வந்து பல வருடம். சாயம் ஏற்றி ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமில் விழித்திரையின் ஓரங்கள் திட்டுத் திட்டாகக் கருத்திருந்தன. அங்கே நுண்குழாய்கள் அடைபட்டு ரத்தம் போவதே இல்லை. சிரைகள் மணி கோத்த சரடு போல இடையிடையே புடைத்திருந்தன. பார்வை நரம்பின் முகப்பில் ஒரு கொத்து புதுக் குழாய்கள். படம் எடுக்க எடுக்க, சாயம் அவற்றிலிருந்து கசிந்து வெள்ளையாகப் பரவிக்கொண்டே போனது. ரத்தம் கிடைக்காத விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து வரவழைத்த குழாய்கள் அவை. சுவரில் பலமே கிடையாது. என்றைக்கு வேண்டுமானாலும் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டலாம்.

அன்றைக்கே ஒரு அம்மாவும் வந்திருந்தார். மையச் சிரை அடைப்பு, அதாவது விழித்திரையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் முக்கியக் குழாயில் அடைப்பு. தூங்கி எழுந்தபோது ஒரு கண் மங்கல். விழித்திரை முழுக்கத் தீற்றல் தீற்றலாக ரத்தக்கசிவு. விஇஜிஎஃப்பைத் தடுக்க கண்ணுக்குள் ஊசி என்றதும் "போடுங்க சார்" என்றார், மறுபேச்சே இல்லை. டிரைவர் அண்ணனுக்கோ அந்தப் படத்தைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை.

அவருக்கும் ஊசி போட்டிருக்கலாம். ரானிபிசுமாப் என்ற அந்த வகை ஊசி மருந்து லேசருக்குச் சளைத்ததில்லை என்று 2015-இல் வந்த 'புரோட்டோகால் எஸ்' ஆய்வு காட்டியது. ஓரப் பார்வையும் அவ்வளவாகக் குறைவதில்லை. ஆனால் தொடக்கத்தில் மாதாமாதம் வரவேண்டும். நேஷனல் பெர்மிட் வண்டியில் போகிறவர் எப்போது ஊர் திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. நடுவில் ஊசியை விட்டுவிட்டு, விழித்திரை பிரிந்த நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் லேசர். ஓர விழித்திரையை ஆயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகளில் சுட்டு, நடுப்பகுதியைக் காப்பாற்றுகிற வைத்தியம். இரவுப் பார்வை குறையலாம் என்று சொன்னேன். "எவ்வளவு சார் குறையும்?" என்றார். அதை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அதையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

சில மாதம் கழித்து வந்தபோது புதுக் குழாய்கள் சுருங்கியிருந்தன. பார்வை அதே 6/6. எனக்கு நிறைவாக இருந்தது. அவர் சொன்னார்: "எதிர்ல வர்ற வண்டி லைட் தாண்டினதும் கொஞ்ச நேரம் ரோடே தெரியல சார். முதலாளி பகல்ல லோக்கல் ட்ரிப் மட்டும் போகச் சொல்லிட்டார். பேட்டா பாதிதான்."

நடுராத்திரியில், நடுரோட்டில், ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும்போது அந்தக் குழாய் உடைந்திருந்தால்? இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் நடக்காமல் போன ஒன்றை அவரிடம் எப்படிக் காட்டுவது? பாதிப் பேட்டா மாதாமாதம் கண்ணுக்குத் தெரிகிறது.

இடது கண்ணில் இன்னும் புதுக் குழாய் வரவில்லை. ஆனால் இரண்டு பக்கங்களில் சிரை புடைக்கத் தொடங்கிவிட்டது. இந்த நிலையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் புதுக் குழாய் கிளம்பிவிடும். இப்போது அவர் உள்ளூரிலேயே ஓட்டுகிறார், ஊசிக்கு வர முடியும். அந்தக் கண்ணில் இரவுப் பார்வை தங்கினால் மறுபடி தூர வண்டிக்குப் போய்விடுவார். போனால் ஊசிக்கு வரமாட்டார்.

அடுத்த வாரம் வருகிறார். சுகரைக் கட்டுக்குள் வைக்கச் சொல்வதைத் தவிர, வேறு எதையும் நான் இன்னும் முடிவு செய்யவில்லை.